மண்ணுருவும் மரக்கோயிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள், சீனரும் யப்பானியரும் பண்டைக் காலத்திலே தம் சமாதிகளில் வைத்த மண்ணுருவங்களும், அவர்கள் எழுப்பிய திருக்கோயில்களும் என்பது. அழைப்பிதழிலே இதனைக் கண்ட அன்பர் ஒருவர், "விழா நாளும் அதுவுமாகச் சுடலைக் கதையா பேசப் போகிறீர்கள்?" என்று எம்மைப் பார்த்துச் சிரித்தார். அவர் கேட்டதிலே நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஒரு வீட்டிலே பெரியவர் ஒருவர் கண்மூடினால் அவர் பொருட்டு உயிரோடிருப்பவர்கள் எதைக் கொடுக்கவேண்டும், எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற கேள்வி எழாத நாடு உலகத்தில் இல்லை. கடன்பட்டு அந்தியேட்டி செய்தவர்களை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்குச் சீனரும் யப்பானியரும் களிமண்ணைக் கையிலெடுத்து ஒரு விடை கூறினார்கள். அவ்விடை எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதே இன்று யாம் பேச எண்ணியது. யப்பானிலே சில நாட்கள் தங்கிச் சிலவற்றை நேரிற் கண்டோம். சீனத்தவற்றை நூல்களிலும் படங்களிலுமே கண்டோம். இதனை முன்னரே சொல்லிவிடுதல் முறை.

சீனத்திலிருந்து தொடங்குவோம். ஷாங் மரபினர் ஆண்ட காலத்திலே, அதாவது இற்றைக்கு 3,000 ஆண்டுகளுக்கு முன்னர், அரசர் இறந்தால் மனிதரையும் உடன் புதைப்பது வழக்கமாயிருந்தது. அன்யாங் என்னுமிடத்திலே ஃபூ ஹாவ் என்ற அரசியின் சமாதி 1976 இல் அகழப்பட்டது. கள்வர் கை படாத சமாதி அது. வெண்கலமும் பச்சைக்கல்லுமாக அள்ள அள்ளக் குறையாத செல்வம் கிடைத்தது. அவற்றோடு 16 மனிதரின் எலும்புகளும் 6 நாய்களின் எலும்புகளும் கிடைத்தன. செல்வத்தைப் பற்றி எழுதிய நூல்கள் பல. அந்தப் பதினாறு பேரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

பின்னர் கி. மு. 621 இல் சின் நாட்டுக் கோமகன் மூ இறந்தபோது 177 பேர் அவரோடு சாகவைக்கப்பட்டனர் என்று சீன வரலாற்றாசிரியர் சுமா சியென் எழுதியிருக்கிறார். அவர்களுள் நல்லவர் என்று நாடெல்லாம் போற்றிய மூன்று சகோதரரும் இருந்தனர். சீனரின் தொன்மையான பாடல் தொகுதியிலே அம்மூவருக்காக அழுத பாட்டு ஒன்று இன்றும் உண்டு. தடுக்க வலியில்லாத குடிமக்கள் பாடினார்கள். அவர்களாற் செய்யக்கூடியது அவ்வளவே. இக்கொடுவழக்கத்தைச் சின் நாட்டிலே சட்டப்படி நிறுத்தியது கி. மு. 384 இல்.

மனிதருக்குப் பதிலாக மரத்தாலும் மண்ணாலும் செய்த பாவைகளை வைக்கும் வழக்கம் இதற்கிடையிலே பரவியது. உயிர் தப்பியது என்று நாம் மகிழ்வோம். ஆனால் கொன்பியூசியசு முனிவர் மகிழவில்லை! இத்தகைய பாவையை முதன்முதலிற் செய்தவனுக்குச் சந்ததியில்லாமற் போகட்டும் என்ற கருத்துப்பட அவர் கடிந்துரைத்ததாக மென்சியசு கூறுகிறார். மனிதனைப் போலவே ஒன்றைச் செய்து குழியில் இடுகிறவன், நாளை மனிதனையே இடக் கூசமாட்டான் என்பது அவர் அச்சம் என உரைகாரர் விளக்குவர். இதனை முதலில் வாசித்தபோது முனிவர் மிகைப்படுத்துகிறார் என்றே யாம் எண்ணினோம். இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

1974 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சியான் நகருக்குக் கிழக்கே கமக்காரர் சிலர் கிணறு வெட்டினர். வரட்சிக் காலம். தண்ணீருக்குப் பதிலாக மண்ணாலான ஒரு மனிதத் துண்டம் வெளிவந்தது. கிராமத்தவர் அதனை ஏதோ ஒரு தேவதை என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை. அது சீனத்தை முதன்முதல் ஒரு குடைக்கீழ் ஆண்ட சின் ஷி ஹுவாங் பேரரசனின் காவற்படையிலே ஒரு வீரன். அப்பேரரசன் இறந்தது கி. மு. 210 இல். மூன்று குழிகளிலே வீரர், தேர், குதிரை என அணிவகுத்த அந்தச் சேனை ஏறக்குறைய 8,000 வீரரைக் கொண்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதலாம் குழி மட்டும் 230 மீற்றர் நீளம், 62 மீற்றர் அகலம்.

இவர்களைச் செய்த முறையைச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். கால்கள் பெரும்பாலும் கெட்டியான மண். உடல் உள்ளே வெறுமை. மண்ணைத் திரியாக உருட்டிச் சுற்றிச் சுற்றி எழுப்பியது. தலையும் கையும் வேறாகச் செய்து பொருத்தப்பட்டவை. முகத்துக்கு அச்சு உண்டு. ஆனால் அச்சிலிருந்து எடுத்த பின்னர் மீசை, காது, புருவம், கொண்டை எல்லாவற்றையும் கையாலே திருத்தியிருக்கிறார்கள். ஆதலின் ஒருவன் முகம் போல மற்றவன் முகம் இல்லை. சூளையிலே சுட்ட பின்னர் அரக்குப் பூசி, அதன்மேற் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வண்ணந் தீட்டினார்கள். இன்று நாம் படத்திற் காணும் சாம்பல் நிறச் சேனை அன்று திருவிழாக் கூட்டம் போல வண்ணமயமாக நின்றது. ஈரமண்ணிலிருந்து வெளியே எடுத்ததும் அந்த அரக்கு உலர்ந்து சுருண்டு சில நிமிடத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டு காத்த நிறத்தை ஒரு காற்று கொண்டுபோய்விடுகிறது என்றால், அகழ்கிறவர்களின் மனம் எப்படியிருக்கும்! இப்பொழுது அதனைப் பிடித்துவைக்க மருந்துகள் கண்டிருக்கிறார்கள்.

வீரர்களின் உடலிலே மறைவான இடங்களிற் சில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை செய்தவர் பெயர். எண்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் கிடைத்திருக்கின்றன. புகழுக்காகப் பொறித்த பெயர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிழை கண்டால் யாரைப் பிடிப்பது என்று அதிகாரிகள் அறிவதற்காகப் பொறித்தவை. தண்டனைக்கென்று எழுதிய பெயரே அந்தக் குயவருக்கு நிலைத்த பெயராயிற்று.

சரி, எண்ணாயிரம் மண் வீரர் காவல் நின்றபடியால் மனிதர் தப்பினார்களா? இல்லை. பேரரசனின் அந்தப்புரத்திலே பிள்ளைப்பேறு இல்லாத மகளிர் யாவரும் உடன் சாகவேண்டும் என்று அவன் மகன் கட்டளையிட்டான் எனச் சுமா சியென் எழுதுகிறார். சமாதியின் உட்புறத்து இரகசியங்களை அறிந்த கைவினைஞரை வாயிலை அடைத்து உள்ளேயே விட்டுவிட்டனர் என்றும் எழுதுகிறார். வேலையிலே மாண்ட கூலியாட்களின் இடுகாடு ஒன்றையும் அருகிலே அகழ்ந்தனர். உடைந்த ஓட்டுத் துண்டுகளிலே சிலரின் ஊரும் பெயரும் கீறிக் கிடந்தன. அவர்களுக்கு அதுவே நடுகல். பாவை செய்யப் பழகிய கை மனிதரைப் புதைக்கக் கூசவில்லை. கொன்பியூசியசின் அச்சம் வீணானதன்று. இன்னும் கேளுங்கள்: இவ்வழக்கம் முற்றாகத் தொலையவில்லை. மிங் மரபின் தொடக்க காலத்திலே அது மீண்டும் தலைகாட்டியது. பேரரசன் ஒருவன் தன் இறுதிக் கட்டளையாக அதனை நிறுத்தியது கி. பி. 1464 இல்.

இதிலே இன்னொரு விந்தை. சமாதிக்குள் பாதரச ஆறு ஓடியது வரையில் எழுதிய சுமா சியென், மண் சேனையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பேரரசன் கிடக்கும் மேடு இன்றுவரை அகழப்படவில்லை. அம்மேட்டு மண்ணிலே பாதரசம் மிகுந்திருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

சின் ஆட்சி விரைவிலே சரிந்து, ஹான் மரபினர் வந்தனர். அவர்களுக்கு ஆளளவு வீரர் தேவைப்படவில்லை. கி. மு. 141 இல் இறந்த சிங் பேரரசனின் சமாதிக் குழிகளிலே கிடைத்த உருவங்கள் ஏறக்குறைய 60 சென்றிமீற்றர் உயரமே. பட்டுடை உடுத்தி மரக்கை பொருத்தியிருந்தார்கள். பட்டும் மரமும் மட்கிப்போக, இப்பொழுது கையில்லாத சிறு உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கூடவே மண்ணாற் செய்த பன்றி, செம்மறி, நாய், பசு என்பனவும் மந்தை மந்தையாக உண்டு. சேனை போய்க் கமம் வந்தது. பின்னர் ஹான் காலத்துச் செல்வர்களும், அவர்களிற் குறைந்தவர்களும், மண்ணாலே கிணறு, அடுப்பு, பன்றிக்கூடு, நெற்களஞ்சியம், மாடிவீடு, காவற் கோபுரம் எல்லாம் சிறியனவாகச் செய்து சமாதியில் வைத்தனர்.

இந்தச் சிறு மண்வீடுகள் விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும். ஆனால் ஹான் காலத்து மரக்கட்டடம் ஒன்றேனும் இன்று நிலத்தின்மேல் இல்லை. நெருப்பும் கறையானும் போரும் யாவற்றையும் தின்றுவிட்டன. அக்காலத்துக் கூரை எவ்வாறு தாழ்ந்தது, தூணின்மேற் போதிகை எவ்வாறு கூரையைத் தாங்கியது என்பதை அறியவேண்டுமானால், இறந்தவர் கண்ணுக்கென்று செய்த இந்த மண்வீடுகளையே பார்க்கவேண்டும். சிற்பக்கலை பேசிவந்த நாம் கோயிற்கலைக்கு வந்துசேரும் வழி இதுவே. அவ்வழி மிகத் தெளிவாய்த் தெரிவது யப்பானிலே.

யப்பானியரின் அரசர் சமாதிகள் மண்மேடுகள். ஒரு புறம் வட்டமும் மறுபுறம் விரிந்த மேடையுமாக, மேலிருந்து பார்த்தால் திறப்புத் துவாரம் போலத் தோன்றும். சக்காய் நகரிலே நின்தொக்கு அரசனுடையது என்று கூறப்படும் மேடு 5 ஆம் நூற்றாண்டினது. 480 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமும் சுற்றிவர மூன்று அகழிகளும் உடையது. யாம் அங்கு சென்றபோது கண்டது அகழியும் அடர்ந்த காடுமே. உள்ளே செல்ல எவருக்கும் அனுமதியில்லை. வேலியோரத்திலே நின்று, இது மலையன்று, மனிதர் சுமந்த மண் என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

இம்மேடுகளின்மேல் நிறுத்திய சுட்டமண் உருவங்களுக்கு ஹனிவா என்று பெயர். ஹனி என்பது களிமண். வா என்பது வளையம். அதன் தோற்றத்துக்கு ஒரு கதை உண்டு. கி. பி. 720 இல் முடிவுற்ற நிஹோன் ஷோக்கி என்னும் வரலாற்று நூல் கூறுவது: சுயினின் என்னும் அரசனின் சகோதரன் இறந்தபோது, அவன் பணியாட்களைச் சமாதியைச் சூழ உயிரோடு நிற்கவைத்துப் புதைத்தனர். பல நாட்கள் அவர்கள் சாகவில்லை. இரவும் பகலும் அழுதனர். இறந்த பின்னர் நாயும் காகமும் கூடின. அந்த அழுகையைக் கேட்ட அரசன் மனம் நொந்தான். பின்பு அரசி இறந்தபோது நோமி நோ சுக்குனே என்பவர் இசுமோ நாட்டிலிருந்து நூறு குயவரை அழைப்பித்து, மனிதரும் குதிரையும் மண்ணாலே செய்து, இனி இவற்றையே நிறுத்துவோம் என்றார். அரசன் மகிழ்ந்து அவ்வாறே விதித்தான்.

அருமையான கதை. ஆனால் அகழ்வாராய்ச்சி இதனை ஒப்பவில்லை. 3 ஆம் நூற்றாண்டிலே முதலில் வந்தவை வெறும் உருளைகள். கும்பம் வைக்கும் தாங்கிகளிலிருந்து பிறந்தவை. வீடுகள் அடுத்து வந்தன. மனித உருவம் வந்ததோ 5 ஆம் நூற்றாண்டின் நடுவிலே, எல்லாவற்றுக்கும் பின்னர். உயிரோடு புதைத்த எலும்புகளும் அம்மேடுகளைச் சூழக் கிடைக்கவில்லை. குயவர் குலத்தார் தம் தொழிலுக்குப் பெருமை தேடிய கதை இது என்று அறிஞர் கொள்வர். அதனால் இதனைத் தள்ளிவிடலாமா? சீன நூலொன்று, யப்பானிய அரசி ஹிமிக்கோ 3 ஆம் நூற்றாண்டில் இறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் உடன் சென்றனர் என்கிறது. கி. பி. 646 இல் யப்பானிய அரசே, இறந்தவரோடு மனிதர் சாவதையும் சாகவைப்பதையும் தடுத்து ஆணையிட்டது. இல்லாத ஒன்றை எவரும் தடுப்பதில்லை. கதை பொய்யாயினும், அதனைக் கட்டியவர் காதில் அந்த அழுகை எங்கிருந்தோ விழுந்திருக்கவேண்டும் என்பது எம் எண்ணம்.

சீனத்துப் பாவைக்கும் ஹனிவாவுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. சீனர் தம் பாவைகளை நிலத்தின்கீழ் மறைத்தனர். யப்பானியர் மேட்டின் வெளிப்புறத்திலே, வெயிலிலும் மழையிலும், ஊரார் காண நிறுத்தினர். தோக்கியோ நூதனசாலையிலே இரண்டு சிறிய உருவங்களின் முன் யாம் நெடுநேரம் நின்றோம். 6 ஆம் நூற்றாண்டின; சைத்தாமா நாட்டில் 1930 இல் கிடைத்தவை. கண்ணுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு துளை, மேலே தூக்கிய ஒரு கை. அவ்வளவே. ஆடும் மக்கள் என்று பெயரிட்டு யாவரும் கொண்டாடினர். இப்பொழுது சிலர், அவர்கள் ஆடவில்லை, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்கும் குதிரைக்காரர் என்கின்றனர். எமக்கு இரண்டும் சம்மதமே. சின் வீரனின் கவசத்திலே ஒவ்வொரு தகட்டையும் எண்ணலாம். ஆயினும் எம் மனத்தை விட்டு அகலாதவை துளைக் கண்ணுடைய இந்த இருவருமே.

இனி வீட்டு ஹனிவாவைப் பார்ப்போம். தக்காட்சுக்கி நகரத்து இமாசிரோசுக்கா மேட்டிலே 6 ஆம் நூற்றாண்டின் மண்வீடு ஒன்று கிடைத்தது. உயரம் 170 சென்றிமீற்றர். ஒரு மனிதன் அளவு. அதன் முகட்டின் இரு நுனியிலும் கைமரங்கள் கூரையைக் கடந்து கவைபோல வானை நோக்கி நீளுகின்றன. முகட்டின் குறுக்கே உருளைக் கட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. இக்கட்டைகள் பெருமைக்குரியவை. கொஜிக்கி என்னும் பழைய நூலிலே, யூரியாக்கு அரசன் வழியிலே ஒரு தலைவனின் வீட்டு முகட்டில் அவற்றைக் கண்டு, என் வீட்டைப்போல இவனும் கட்டுவதா என்று கொதித்து அதனை எரிக்க ஆளனுப்பினான் என்றும், அத்தலைவன் பயந்து ஒரு வெள்ளை நாயைக் காணிக்கை கொடுத்துத் தப்பினான் என்றும் வருகிறது. வீட்டுக்கூரையாலே வந்த வழக்கு அன்றும் இருந்திருக்கிறது!

அந்தக் கவையையும் கட்டைகளையும் இன்று காணவேண்டுமா? இசே என்னும் திருத்தலத்துக்குச் செல்லுங்கள். சூரிய தேவியாகிய அமதெராசுவின் உட்கோயிலின் முகட்டிலே பத்துக் கட்டைகள் கிடக்கின்றன. தூண்களுக்கு அடியிலே கல் இல்லை. குழி தோண்டி நேரே மண்ணில் நட்ட சைப்பிரசு மரம். தரை உயர்ந்தது, பழைய நெற்களஞ்சியத்தின் அமைப்பு. கூரை புல்லால் வேய்ந்தது. வண்ணமில்லை, ஓடில்லை. நான்கு வேலிகளுக்கு அப்பால் நின்ற எமக்குக் கூரை நுனி மட்டுமே தெரிந்தது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

மண்ணில் நட்ட மரம் உக்கும். அதனை அறிந்தே நட்டார்கள். இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்து வெறுநிலத்திலே அதே அளவில், அதே மரத்தால் புதுக்கோயில் கட்டி, தேவியை இரவிலே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். முதன்முறை கி. பி. 690 இல், 62 ஆம் முறை 2013 இல். பழைய முகட்டுத் தூண்கள் பாலத்து வாயில்களாகின்றன. மற்ற மரங்கள் நாட்டிலுள்ள வேறு கோயில்களுக்குப் போகின்றன. ஒன்றும் எறியப்படுவதில்லை. முதல்முறை எடுபிடியாக நின்ற இளைஞன் இரண்டாம் முறை தச்சனாகிறான். மூன்றாம் முறை பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் முதியவன். இடையறாமல் நடந்தது என்று சிலர் எழுதுவது சரியன்று. உள்நாட்டுப் போரினால் உட்கோயில் 1462 முதல் 1585 வரை புதுக்கப்படவில்லை. அந்த 123 ஆண்டும் கைமுறை எப்படிப் பிழைத்தது என்பதே எமக்குப் பெருவியப்பு. உலகப்போரின் தோல்விக்குப் பின்னரும் நான்கு ஆண்டு பிந்தி 1953 இற் செய்து முடித்தார்கள்.

பெளத்தக் கோயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நாட்டுத் தாதுகோபம் ஒரு சமாதி மேட்டின் வடிவம் என்பதை அறிவீர்கள். சீனத்துப் பகோடாவும் அந்த மரபிலே வந்ததே. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாகியன் என்ற சீனத் துறவி அனுராதபுரத்தில் இரண்டு ஆண்டு தங்கினார். ஒருநாள் பச்சைக்கல் புத்தர் திருமுன்னே வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைக்க, அதைக் கண்டு ஊர் நினைவு வந்து கண்ணீர் விட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

பகோடாவின் நடுத்தூணின்கீழே தாது வைப்பர். நாராவுக்கு அருகே ஹோரியூஜியின் ஐந்தடுக்குப் பகோடாவிலே அந்தத் தூண் கி. பி. 594 அளவில் வெட்டிய மரம் என்று மரத்தின் வளையங்களை எண்ணிக் கண்டிருக்கிறார்கள். உலகிலே மிகப் பழைய மரக்கட்டடங்கள் அங்கேயே உள்ளன. அந்தப் பகோடாவின் அடித்தட்டிலே, வடபுறத்தில், கி. பி. 711 இல் செய்த சிறு களிமண் உருவங்கள் உண்டு. இவை சுடாத மண். புத்தர் பரிநிர்வாணம் அடைந்து கிடக்கிறார். சுற்றிவரச் சீடர்கள் நெஞ்சிலடித்து, வாயை அகலத் திறந்து, தலையை உயர்த்தி அழுகிறார்கள். சமாதியில் நின்ற மண்ணுருவம் கோயிலுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இங்கே அது எவருக்கும் காவலில்லை, பணியாளுமில்லை, அழுவதற்காகவே செய்யப்பட்டது. இரும்பு வலைக்கு இப்பால் நின்று மங்கலான ஒளியிலே அதனைக் கண்டோம்.

கடைசியாகச் சீனத்துக்குத் திரும்பி ஒன்று கூறி அமர்கிறோம். சீனரின் தாங் காலத்து மரக்கோயிலைக் காணவேண்டுமானால் நாராவுக்குத்தான் போகவேண்டும், சீனத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று யப்பானிய அறிஞர் கூறிவந்தனர். லியாங் சுசெங் என்ற கட்டடக்கலை ஆராய்ச்சியாளரும் அவர் மனைவி லின் ஹுய்யினும் அதனை ஒப்பவில்லை. 1937 ஆம் ஆண்டு கோடையிலே கோவேறு கழுதைகளில் வூதாய் மலைப்பக்கம் ஏறி, போகுவாங் கோயிலை அடைந்தனர். கூரைக்குள் ஏறினால் ஆயிரக்கணக்கான வௌவால், மூட்டைப்பூச்சி வேறு. பல நாட்கள் அளந்தனர். மண்டபத்து மேடையின் ஓரத்திலே, பெரிய தெய்வ உருவங்களுக்குப் பக்கத்தில், சாதாரண உடையோடு ஒரு பெண்ணின் களிமண் உருவம் அடக்கமாக அமர்ந்திருந்தது. அது ஒரு பேரரசி என்றார் அங்கிருந்த துறவி. ஒருநாள் லின் ஹுய்யின் அம்மையார் அண்ணாந்து பார்க்கையில், உத்தரத்தின் அடியிலே மங்கிய மை எழுத்துக்கள் தெரிந்தன. சாரம் கட்டி, புழுதியைத் துடைத்து வாசித்தனர். மண்டபத்தைக் கட்டப் பொருள் கொடுத்தவர் நிங் கொங்யூ என்ற பெண் என்று எழுதியிருந்தது. அதே பெயர் முற்றத்துக் கற்றூணிலும் இருந்தது, ஆண்டு கி. பி. 857.

பேரரசியல்லர், தானம் செய்த பெண்மணி. அவரை எவரும் சமாதிக்குள் வைக்கவில்லை. தாம் கொடுத்த மண்டபத்திலே ஓர் ஓரத்தில் இருத்தினார்கள். கணவனும் மனைவியும் மகிழ்ச்சியோடு மலையிறங்கினர். வழியிலேயே போர் மூண்ட செய்தி கிடைத்தது. அது யப்பான் சீனத்தின்மேல் தொடுத்த போர். அப்போரின் நெருப்பு அந்த மலைக்கோயிலை எரிக்கவில்லை. நிங் கொங்யூ இன்றும் அதே மூலையில், கைகளை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார்.